படுவான்கரையில் கணிதச் செயலி: வாங்குமுன் ஒரு ரீச்சர் சொல்வது

கணிதத்தில் பின்தங்கிய பிள்ளை எந்தத் தரத்தில், எந்தப் பாடத்தில் வழுக்கியது என்று கண்டுபிடிக்க இந்தச் செயலியைப் போல ஒன்றை நான் கண்டதில்லை. அந்த ஒரு வேலைக்காகவே சந்தாக் காசு தகும். ஆனால் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகலாம், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து வாங்க வேண்டாம். பக்கத்தில் ஒரு கொப்பியும், அந்தக் கொப்பியைத் திறந்து பார்க்க ஓர் ஆளும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பச்சை அடையாளங்கள் கூடும், கணிதம் கூடாது.

நான் பட்டிருப்பு வலயத்துப் பாடசாலைகளில் நீண்டகாலம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். இப்போது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு கிராமத்துப் பொதுமண்டபத்தில் பின்னேரங்களில் பிள்ளைகளோடு இருக்கிறேன். ஆறாம் தரம் தொடங்கி ஓ/எல் (பதினோராம் தரம் முடிய எழுதும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை) எழுதப்போகிறவர்கள் வரை வருவார்கள். ஊரிலிருந்து வெளிநாடு போனவர்கள் சிலர் காசு சேர்த்துச் சந்தா கட்டி, மண்டபத்துக்குச் சில டப்களும் (கைக்கணினிகளும்) வாங்கித் தந்தார்கள். வீட்டில் தாய் தகப்பனின் போனிலும் பிள்ளை அதே எக்கவுண்டில் நுழைந்து படிக்கலாம்.

இப்படி ஒன்று எங்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்று கேட்பார்கள். களுவாஞ்சிகுடியில் நல்ல ரியூஷன் வகுப்புகள் இருக்கின்றன, பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் சரிதானே என்பார்கள். வெல்லாவெளிக்கு அங்கால் இருக்கிற பிள்ளைக்கு அது சரிவராது. வகுப்பு விட இருட்டிவிடும், பஸ் குறைவு, பொழுதுபட்டால் யானை றோட்டுக்கு இறங்கும். யானைப் பயத்தில் பின்னேர வகுப்பை விட்ட பெண்பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு பாடமெல்லாம் வட்ஸ்அப்பில் வந்தது. மங்கலாகப் படம் பிடித்த கொப்பிப் பக்கங்களை வாசிக்கவே பிள்ளைகள் பாடுபட்டார்கள். அந்தக் காலத்தில் பின்னத்தையும் திசைகொண்ட எண்களையும் (நேர், மறை எண்கள்) அரைகுறையாகக் கடந்த பிள்ளைகள் அப்படியே மேல் வகுப்புகளுக்கு ஏற்றப்பட்டார்கள். ஒரு வகுப்பில் நாற்பது பேர், நாற்பது நிமிடப் பாடவேளை என்றால் எந்த ஆசிரியராலும் ஒவ்வொருவருடைய ஓட்டையையும் தேடிப் போக முடியாது.

செயலியின் பெயரை நான் எழுதவில்லை. இந்த வகைச் செயலிகள் இப்போது பல வந்துவிட்டன, உள்ளே வேலை நடக்கிற விதம் ஏறக்குறைய ஒன்றுதான். எதை வாங்கினாலும் நான் சொல்லுகிற இடங்களில் கண் வைத்துப் பாருங்கள்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பிள்ளை முதன்முதல் நுழைந்ததும் இது பாடம் தொடங்காது, கேள்வி கேட்கும். ஒன்றுக்குச் சரியான விடை வந்தால் அதைவிடக் கடினமானது வரும். பிழைத்தால் அந்தக் கணக்குக்கு அடியில் இருக்கிற பாடத்துக்கு இறங்கும். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி பத்தாம் தரம். அட்சரகணிதப் பின்னம் என்றால் கொப்பியை மூடிவிடுவாள். அவளுடைய பாடசாலை ஆசிரியர் கெட்டிக்காரர், அந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்ப விளங்கப்படுத்தியிருக்கிறார். செயலி அவளை அட்சரகணிதப் பின்னத்திலிருந்து பொ.ம.சி.க்கு (பொது மடங்குகளுள் சிறியது) இறக்கியது, அங்கிருந்து சமவலுப் பின்னத்துக்கு, அங்கிருந்து இரண்டு பின்னங்களில் எது பெரிது என்று கேட்கிற ஆறாம் தரக் கணக்குக்கு. அங்கேதான் அவள் நின்றாள். வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் வரம்பில் நின்று பார்த்துப் பலனில்லை, வாய்க்கால் எங்கே உடைத்தது என்று மேலே மேலே நடந்து பார்க்க வேண்டும். அந்த நடையை இந்தச் செயலி ஒரு பின்னேரத்துக்குள் நடந்து முடித்தது. நான் வகுப்பில் நின்ற காலத்தில் இப்படி ஒரு பிள்ளையின் அடியைக் கண்டுபிடிக்க ஒரு பாடசாலைத் தவணை பிடிக்கும்.

இது புதிதாக வந்த மாயமும் இல்லை. 1985இல் ழான் போல் டுவான்யோன், ழான் குளோட் பால்மான் என்ற இரண்டு அறிஞர்கள் 'அறிவு வெளி' என்றொரு கணிதக் கோட்பாட்டை வெளியிட்டார்கள். ஒரு பாடத்தில் எதைத் தெரிந்தவருக்கு எதுவும் தெரிந்திருக்கும், எதைத் தெரியாமல் எதைப் படிக்க முடியாது என்று வலை போட்டுவிட்டால், நூற்றுக்கணக்கான தலைப்புகளில் ஒரு மாணவர் எங்கே நிற்கிறார் என்று முப்பது கேள்விக்குள் கணித்துவிடலாம் என்பது அதன் சாரம். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் அதிலிருந்து 'அலெக்ஸ்' என்ற மென்பொருள் பிறந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கோர்பெட், அண்டர்சன் என்பவர்கள் 1990களில் இன்னொரு வழியைக் கண்டார்கள். பிள்ளை கொடுக்கும் ஒவ்வொரு விடைக்கும் பிறகு 'இந்தத் திறன் இவருக்கு வந்துவிட்டதா' என்ற நிகழ்தகவை அந்த முறை திருத்தி எழுதும். தெரியாமலே ஊகித்துச் சரியாகச் சொல்லியிருக்கலாம், தெரிந்தும் கைதவறியிருக்கலாம் என்று இரண்டையும் கணக்கில் எடுக்கும். பதினோராம் தரத்தில் நாங்கள் படிப்பிக்கிற நிகழ்தகவு இப்படி ஒரு பிள்ளையின் படிப்புக்கே வேலை செய்கிறதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் சந்தோசமாக இருந்தது.

இனி, அதே பிள்ளையிடம் நான் கண்ட இன்னொன்று. மண்டபத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். 5/8, 3/5 இரண்டில் எது பெரிது என்று கேள்வி. அவள் 5/8 ஐத் தொட்டாள். பச்சை விழுந்தது. சரியான விடைதான்.

"எப்படி மனே கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன்.

"அஞ்சு மூண்ட விடப் பெரிசு, எட்டும் அஞ்ச விடப் பெரிசு. அப்ப அதுதானே ரீச்சர் பெரிசு?"

அடுத்தது 4/7, 2/3. அதே விதிப்படி 4/7 ஐத் தொட்டாள். சிவப்பு. பிறகு 5/9, 1/2. அதே விதி, பச்சை. பிறகு 3/7, 1/2. அதே விதி, சிவப்பு. செயலி பார்த்தது ஒரு சரி, ஒரு பிழை, ஒரு சரி, ஒரு பிழை. ஆகவே 'பாதி தெரிந்த பிள்ளை, இன்னும் பயிற்சி வேண்டும்' என்று முடிவெடுத்து அதே மாதிரிக் கணக்குகளை அடுக்கிக்கொண்டே போனது. அந்தப் பிள்ளைக்குப் பாதி தெரியும் என்பது உண்மையில்லை. அவளிடம் முழுமையான, உறுதியான ஒரு பிழையான விதி இருந்தது. மேலெண்ணையும் கீழெண்ணையும் அவள் இரண்டு தனி எண்களாகப் பார்த்தாள். அதை உடைக்க எனக்கு இரண்டு தாள்கள் போதுமாக இருந்தன. ஒரு தாளை மூன்றாக மடித்து இரண்டு பங்கை நிழற்றச் சொன்னேன், இன்னொன்றை ஏழாக மடித்து நாலு பங்கை. பார்த்துவிட்டு அவளே சொன்னாள், "துண்டு கூடினா ஒரு துண்டு சின்னதாப் போயிரும் என்ன ரீச்சர்." அதற்குப் பிறகு செயலியிடம் திரும்பிப் போனபோது அது கொடுத்த பயிற்சி அருமையாக வேலை செய்தது. அளவாக, சலிக்காமல், அவளுடைய வேகத்துக்குக் கேட்டது.

இந்த மதிப்பீட்டில் நான் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி இந்தப் பிள்ளையிடம் நடந்ததுக்குள் இருக்கிறது. நாங்கள் வாங்கிய செயலி விடையை மட்டும் பார்க்கிறது, செய்கையைப் பார்ப்பதில்லை. எல்லாச் செயலிகளும் அப்படியில்லை. ஒவ்வொரு வரியையும் எழுதச் சொல்லி, வரிக்கு வரி திருத்துகிறவையும் உண்டு. இந்த வித்தியாசம் சின்ன விசயமில்லை. கேர்ட் வான்லேன் என்ற ஆய்வாளர் 2011இல் அதுவரை வந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். யாரும் தனியாகச் சொல்லிக்கொடுக்காத மாணவர்களோடு ஒப்பிட்டால், விடையை மட்டும் பார்க்கும் மென்பொருள் 0.31 நியம விலகல் (மாணவர்களின் புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு) முன்னேற்றம் கொடுத்தது. படிமுறை ஒவ்வொன்றையும் பார்க்கும் மென்பொருள் 0.76. ஓர் ஆசிரியர் தனியாக இருந்து சொல்லிக்கொடுத்தால் 0.79. படிமுறையைப் பார்க்கிற மென்பொருள் ஆசிரியருக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது, விடையை மட்டும் பார்ப்பது பாதித்தூரம்கூட வரவில்லை. எனவே கடைக்காரரிடமோ முகவரிடமோ கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இது பிள்ளையின் செய்கையைப் பார்க்குமா?

நம் பரீட்சையும் அதைத்தான் கேட்கிறது. ஓ/எல் கணிதத்தில் முதலாம் பத்திரத்தின் ஏ பகுதியில் 25 குறுவினாக்கள், தலா 2 புள்ளி. அந்த 50 புள்ளியில் விடை சரியென்றால் பெரும்பாலும் புள்ளி வந்துவிடும். மற்ற எல்லா இடத்திலும், குறிப்பாக 10 வினா செய்ய வேண்டிய இரண்டாம் பத்திரத்தில், ஒவ்வொரு படிக்கும் புள்ளி உண்டு. இறுதி விடை பிழைத்தாலும் பாதிக்கு மேல் புள்ளி எடுக்கலாம். விடை சரியாக இருந்து செய்கை இல்லாவிட்டால் புள்ளி இழக்கலாம். திரையில் நாலு விடையில் ஒன்றைத் தொட்டுப் பழகிய பிள்ளை பேனையைப் பிடித்ததும் இரண்டு வரியில் கணக்கை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறது. அதனால் எங்கள் மண்டபத்தில் கண்டிப்பான ஒரு விதி வைத்தேன். திரையில் விடையைத் தொடுமுன் கொப்பியில் செய்கை இருக்க வேண்டும், பக்கத்தின் மேலே திகதியும் செயலி காட்டுகிற பாடப் பெயரும் இருக்க வேண்டும். கிழமைக்கொரு தடவை எல்லாக் கொப்பியையும் பார்ப்பேன். சிவப்பு விழுந்த கணக்கின் செய்கையைத்தான் முதலில் பார்ப்பேன்.

இந்த முறைக்கு டில்லியில் செய்த ஒரு ஆய்வும் துணைக்கு வருகிறது. 'மைண்ட்ஸ்பார்க்' என்ற இந்திய மென்பொருளைக் கொண்டு, வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து நடத்தியது. முரளிதரன், சிங், கனிமியான் ஆகியோர் 2019இல் வெளியிட்டார்கள். நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37 நியம விலகலும் ஹிந்தியில் 0.23உம் முன்னேற்றம். பெரிய முன்னேற்றம்தான். விளம்பரங்களில் அந்த எண்ணைப் போடுகிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஒரு நிலையத்துக்கு வந்து 45 நிமிடம் மென்பொருளிலும், அடுத்த 45 நிமிடம் பத்துப் பதினைந்து பேர் கொண்ட சிறு குழுவாக ஒரு உதவி ஆசிரியரோடும் படித்தார்கள். ஆள் இருந்தார்.

குடும்பத்துக்கு ஒரு போன் என்ற நம் வாழ்க்கையை இந்தச் செயலியைச் செய்தவர்கள் பார்த்ததேயில்லை என்று நினைக்கிறேன். அது ஓர் எக்கவுண்டுக்குள் ஒரே பிள்ளைதான் இருக்கிறது என்று நம்பி எல்லாவற்றையும் கணிக்கிறது. அக்கா பதினோராம் தரம், தம்பி ஏழாம் தரம், போன் ஒன்று. அக்கா தண்ணியள்ளப் போன நேரம் தம்பி உள்ளே புகுந்து கண்டதையெல்லாம் தொட்டிருக்கிறான். அடுத்த நாள் அக்காவுக்கு ஏழாம் தரக் கணக்குகள் வந்தன. அவள் சோர்ந்துபோய், "எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு இது சொல்லுது ரீச்சர்" என்று அழுகிற மாதிரி நின்றாள். ஒரே சந்தாவுக்குள் பிள்ளைக்கொரு தனிப் பெயர் போட இடமிருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். எங்களுடையதில் அதற்கு வேறு காசு.

நாள்தவறாமல் வந்தால் கூடும் ஒரு தொடர் எண்ணும் இதில் இருக்கிறது. ஒரு நாள் விட்டால் அது பூச்சியத்துக்குப் போய்விடும். பெரும்போக வேளாண்மை வெட்டுக் காலத்தில் வாப்பாவோ அப்பாவோ இரவுக் காவலுக்கு வட்டைக்கு (வயல்வெளிக்கு) போகும்போது போனும் கூடப் போகும். யானை வந்தால் அறிவிக்க அந்தப் போன் தேவை. அந்த நாட்களில் பிள்ளையின் எண் விழுந்துவிடும். செயலி அதற்கு அழுகிற முகமொன்றைக் காட்டி, பிள்ளையின் முயற்சி குறைந்துவிட்டது என்று தாய்க்கு அறிவித்தல் அனுப்பும். இது எனக்குக் கோபத்தை வரச்செய்த விசயம். ஒரு பிள்ளையின் முயற்சியை அளக்கத் தெரியாதென்றால் அளக்காமல் விட வேண்டும். அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) போய் அந்த அறிவித்தல்களை நிறுத்தலாம். முதல் நாளே நிறுத்திவிடுங்கள்.

தமிழ்ப் பக்கம் இந்தியப் பாடநூல்களை ஒட்டியது. இயற்கணிதம், மீ.பொ.ம., கணங்கள் என்று வரும். நம் பிள்ளைகள் அட்சரகணிதம், பொ.ம.சி., தொடைகள் என்று படித்தவர்கள். கேள்வி விளங்காமல் 'தெரியாது' என்பதைத் தொட்டால், பாடமே தெரியாத பிள்ளை என்று எடுத்துக் கீழே இறக்கிவிடும். தொடக்கக் கணிப்பீட்டின்போது பக்கத்தில் இருந்து சொல்லை மட்டும் விளங்கப்படுத்துங்கள், விடையைச் சொல்லாதீர்கள். நான் ஒரு மட்டையில் இரண்டு பக்கச் சொற்களையும் எழுதி மண்டபத்துச் சுவரில் ஒட்டிவிட்டேன், பிறகு பிரச்சினை இல்லை.

ஆசிரியருக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எல்லாப் பிள்ளைகளின் பெயரும் ஒருபக்கம், பாடங்கள் மேலே, நிறங்கள் நடுவே. எத்தனை நிமிடம் யார் இருந்தார்கள் என்ற நிரலை நான் பார்ப்பதில்லை. நேரம் போனதைத்தான் அது சொல்லும், படித்ததைச் சொல்லாது. ஆனால் நிறங்களை மேலிருந்து கீழாகப் பார்த்தால் ஒரு விசயம் தெரியும். எட்டாம் தரத்திலும் ஒன்பதிலும் பத்திலும் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரே நிரலில் சிவப்பு. திசைகொண்ட எண்களைக் கழிப்பது. கழித்தல் மூன்றிலிருந்து கழித்தல் ஐந்தைக் கழித்தால் என்ன வரும் என்பதில் மூன்று தரத்துப் பிள்ளைகளும் விழுந்திருக்கிறார்கள். உடனே தரப்பிரிவை விட்டுவிட்டு அந்தப் பிள்ளைகளை ஒன்றாக இருத்தி, மண்டபத்து நிலத்தில் வெண்கட்டியால் எண்கோடு கீறி, அதில் நடக்கவிட்டுப் படிப்பித்தேன். ஒன்பதாம் தரத்துப் பெடியன் எட்டாம் தரத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தான். யாரை யாரோடு இருத்த வேண்டும் என்று எனக்குக் காட்டியது அந்தப் பக்கம். பாடசாலை ஒன்று இதை வாங்குவதானால் இந்தப் பக்கத்துக்காகவே வாங்கலாம்.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இது வேறு விதமாக உதவுகிறது. ஒன்பதாம் தரத்தில் ஒருவன், வகுப்பில் சும்மா இருந்து குழப்படி பண்ணுகிறவன் என்று பெயர். செயலி அவனை நிறுத்தாமல் மேலே விட்டது. இருபடிச் சமன்பாட்டைத் தானாகவே தீர்க்கத் தொடங்கிவிட்டான். அவனைப் பற்றி நான் அதிகம் எழுதத் தேவையில்லை, அவனுக்குக் கதவைத் திறந்தால் போதும்.

உரையாடிச் சொல்லிக்கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றும் இப்போது சேர்த்திருக்கிறார்கள். விடையை நேரே சொல்லாமல் கேள்வி கேட்டு நடத்துவதாகச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் கேட்டால் ஓரளவு நன்றாகவே நடத்துகிறது. தமிழில் கேட்டால் விளக்கம் சுற்றிச் சுற்றிப் போகிறது, சில வேளைகளில் கூட்டல் கழித்தலிலேயே பிழை விடுகிறது, அந்தப் பிழையை மிக உறுதியாகச் சொல்கிறது. ஆறாம் ஏழாம் தரப் பிள்ளை அதை நம்பிவிடும். சின்னவர்களுக்கு அதை மூடிவைத்திருக்கிறேன்.

டேட்டா பற்றிக் கேட்பவர்கள் பலர். வீடியோ பார்க்காமல் பயிற்சி மட்டும் செய்தால் அதிகம் போகாது. எங்கள் பக்கம் சிக்னல் சில இடத்தில் படலையடியில்தான் கிடைக்கும். பாடங்களை மண்டபத்தில் இறக்கிவைத்துக்கொண்டு வீட்டில் செய்யலாம், ஆனால் சிக்னல் வந்து விடைகள் போய்ச் சேரும்வரை செயலி பிள்ளையின் நிலையை மாற்றாது. மூன்று நாள் வேலை ஒன்றாகப் போய்ச் சேர்ந்ததும் திடீரென்று பாடம் மாறும். பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் குழம்பாது. பணம் கட்ட வங்கி அட்டை வேண்டும், கடையில் காசாகக் கட்ட வழியில்லை. வயலையும் கூலியையும் நம்பியிருக்கிற குடும்பத்துக்கு அது ஒரு தடை. எங்களுக்கு வெளிநாட்டிலிருந்து கட்டினார்கள், எல்லோருக்கும் அப்படி யாரும் இருக்கமாட்டார்கள்.

பதிவு செய்யும்போது பிள்ளையின் பிறந்த திகதி, பாடசாலை, படம், பெற்றோர் போன் நம்பர் எல்லாம் கேட்கும். படம் கட்டாயமில்லை, கொடுக்காதீர்கள். பெயரின் முதல் எழுத்து போதும். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று நம் நாட்டிலும் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. பிள்ளையின் விவரம் எங்கே வைக்கப்படுகிறது, அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா என்று தயங்காமல் கேளுங்கள். பெண்பிள்ளைகளின் தாய்மார் இதை என்னிடம்தான் முதலில் கேட்டார்கள், சரியான கேள்வி. பெற்றோர் கூட்டமொன்றில் இன்னொரு செயலியின் முகவர் வந்து 'ஒன்பது ஏ உறுதி' என்று சொல்லி விற்கப் பார்த்தார். அப்படி உறுதி சொல்கிற எதையும் வாங்காதீர்கள். எந்த மென்பொருளுக்கும் அப்படிச் சொல்ல அருகதை இல்லை.

காசு இல்லாவிட்டால் என்ன செய்யலாம்? கான் அகாடமி என்ற இணையத்தளத்தின் பாடங்களும் பயிற்சிகளும் இலவசம், விளம்பரமும் இல்லை. 2004இல் சல்மான் கான் என்பவர் தூரத்தில் இருந்த தன் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைபேசியில் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. அங்கே உதவிக் குறிப்பைத் திறந்து பார்த்தால் அந்தக் கணக்குச் சரியென்று எண்ணப்படாது, எனக்கு அந்த ஒழுங்கு பிடிக்கும். ஆங்கிலம் வாசிக்கக்கூடிய பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். தமிழில் வேண்டுமானால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எல்லாத் தரப் பாடநூல்களையும் இறக்கலாம், கல்வி அமைச்சின் இ-தக்சலாவவிலும் பாடங்கள் இருக்கின்றன. அவை பிள்ளைக்கேற்ப மாறாது. ஆனால் உங்கள் பத்தாம் தரப் பிள்ளைக்கு முன்னால் ஆறாம் தர நூலை வைத்து, ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசிப் பயிற்சியிலிருந்து இரண்டு கணக்குச் செய்யவிட்டுப் பாருங்கள். பிறகு ஏழாம் தரம், எட்டாம் தரம். எங்கே கை நிற்கிறதோ அங்கே தொடங்குங்கள். செயலி செய்வதும் அடிப்படையில் இதைத்தான். அது வேகமாகச் செய்யும், நீங்கள் மெதுவாகச் செய்வீர்கள், ஆனால் நீங்கள் 'ஏன்' என்று கேட்பீர்கள்.

யார் வாங்கலாம் என்று ஒவ்வொரு நாளும் யாராவது கேட்கிறார்கள். ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை கட்டாயம் பிரயோசனப்படும், அடி சரிசெய்ய அந்தப் பிள்ளைகளுக்கு நேரம் இருக்கிறது. பத்தாம் தரத்துக்கும் சரி. ஓ/எல்லுக்குச் சில மாதமே இருக்கிற பிள்ளைக்கு இப்போது வாங்க வேண்டாம். அந்தக் காசுக்குக் கடந்தகால வினாத்தாள்கள் வாங்கி, நேரம் வைத்துச் செய்யவிட்டு, புள்ளித் திட்டத்தோடு திருத்துங்கள். வாங்குகிறவர்கள் முழு வருடத்துக்கும் ஒன்றாகக் கட்டாமல் ஒரு பாடசாலைத் தவணைக்கு மட்டும் கட்டுங்கள். தவணை முடிய நிறங்களைப் பார்க்காமல் கொப்பியைப் பாருங்கள். பக்கங்கள் நிறைந்திருந்தால், செய்கை வரிகள் நீண்டிருந்தால் அடுத்த தவணைக்கும் கட்டுங்கள். எங்கள் மண்டபத்தில் இந்த முறையில்தான் அடுத்த தவணைக்கான பெயர்களைப் போட்டிருக்கிறேன். கொப்பி எழுதாதவர்கள் சிலருடைய சந்தாவை நிறுத்தி, அந்த இடத்தை வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து புதிதாகக் கேட்டு வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தாயிற்று.